கிண்டி டு கூடுவாஞ்சேரி: தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?

ஸீட் கிடைச்சாச்சு. அதுவும் கிண்டியில்! சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன் போட்டாச்சு, பக்கத்து வீட்டுக்கு லட்டு கொடுத்தாச்சு. அடுத்து உங்க வீட்டுக்குள்ளேயிருந்து ஒரு குரல் கிளம்பும் பாருங்க... ''ஹாஸ்டல் எல்லாம் எதுக்கு? நாம எல்லாருமே மெட்ராஸுக்குப் போயிடலாம்!''

அவ்ளோதான்! நீங்க கனவு கண்டு வெச்சிருந்த ஹாஸ்டல் ரூம், நைட் ஷோ, மெஸ் கலாட்டா எல்லாம் காலி. அடுத்த நிமிஷமே வீட்டுக்குள் ஒரு பட்டிமன்றம் ஆரம்பிச்சுடும். அப்பாவுக்கு வேலைக்குப் பக்கமா இருக்கணும். தம்பிக்கு நல்ல ஸ்கூல் வேணும். பாட்டிக்கு நடந்து போற தூரத்துல கோயில். அம்மாவுக்குத் தண்ணி. இத்தனைக்கும் நடுவில், காலையில் உங்களுடைய முதல் பீரியட்!

இத்தனைக்கும் பொருந்துகிற ஏரியா சென்னையில் இருக்கா? இருக்கு. ஆனா, தேடக் கிளம்புறதுக்கு முன்னாடி நாங்க பட்ட பாட்டைக் கேட்டுட்டுப் போயிடுங்க.

வாசல்ல வேப்பமரம்!

2015 ஜூலை. அப்போ இன்ஜினீயரிங் கவுன்சிலிங் இப்போ மாதிரி ஆன்லைன் இல்லை. அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்கே நேரில் வரணும். கரூரிலிருந்து ராத்திரி பஸ் ஏறி நானும் அப்பாவும் வந்தோம். கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ்! 1794-ல் சர்வே பள்ளிக்கூடமாக ஆரம்பிச்ச காலேஜ். ஸீட்டைக் கையில் வாங்கிட்டு வெளியே வந்தா, அப்பாவுக்கு சர்தார் படேல் சாலையே கல்யாண மண்டபம் மாதிரி தெரிஞ்சது.

அந்த வருஷம் அப்பாவுக்கு ஒரகடம் பக்கம் ஒரு குடோனில் சூப்பர்வைஸர் வேலை கிடைச்சிருந்தது. அவருக்கு ஒரகடம், எனக்குக் கிண்டி. நடுவில் எது? தாம்பரம். அங்கேயிருந்து ஒரகடம் ரோட்டில் முடிச்சூர். மேப்பில் பார்த்தா கணக்கு டான்னு உட்கார்ந்துடுச்சு.

புரோக்கர் ஒரு தனி வீடு காட்டினார். வாசலில் வேப்பமரம், பின்னாடி துணி காயப்போட இடம், அகலமான தெரு. வாடகையும் கையைக் கடிக்கலை. ''சார், இந்த ஏரியாவில தண்ணிக் கஷ்டமே கிடையாது''ன்னார். சத்தியமா சொல்றேன், அந்த மனுஷன் பொய் சொல்லலை!

நவம்பர் நடுவில் முதல் வெள்ளம் தெருவோடு நின்னுடுச்சு. டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. அந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. ராத்திரி கட்டிலுக்கு அடியில் செருப்பு மிதந்து வந்தது. அரை மணி நேரத்தில் கட்டிலே ஆட ஆரம்பிச்சுடுச்சு. பாட்டியைத் தூக்கிட்டு எதிர்வீட்டு மாடிக்குப் போனோம். ரெண்டு நாள் அங்கேதான். அப்புறம் மீனவர்கள் படகு கொண்டுவந்து கூட்டிட்டுப் போனாங்க. கரூரில் பிறந்து வளர்ந்த எங்க பாட்டி படகில் ஏறியது அதுதான் முதல் தடவை.

அப்புறம்தான் விஷயம் புரிஞ்சது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர்தான் அடையாறாகத் திரண்டு ஓடுது. முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் அதன் வழியில் இருக்கு. அதே அடையாறு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாக, எங்க காலேஜுக்குப் பக்கத்தில்தான் கடலுக்குப் போகுது. காலேஜ் லீவு விட்டு நான் மாடியில் உட்கார்ந்திருக்க, எங்க வீட்டுக்குள் புகுந்த தண்ணி எனக்கு முன்னாடியே கிண்டிக்குப் போயிடுச்சு!

அம்மாவின் தையல் மெஷின் மோட்டார் போச்சு. தங்கச்சி நோட்டு எல்லாம் கூழ். வீட்டுக்காரர் பெயின்ட் அடிக்கணும்னு அட்வான்ஸில் பாதியைப் பிடிச்சுக்கிட்டார். இதெல்லாம் ஒரு வருஷத்தில் சரியாயிடுச்சு. ஆனா, பாட்டி கரூருக்குத் திரும்பினவங்கதான். ''எனக்கு அந்த ஊர் வேணாங்கண்ணு''ன்னாங்க. அப்புறம் கடைசி வரைக்கும் சென்னைக்கு வரவே இல்லை.

வாங்க, ரயிலேறுவோம்!

இதை ஏன் இப்போ சொல்றேன்னா, இந்த வருஷம் சித்தப்பா பொண்ணுக்கும் கிண்டியிலேயே ஸீட் கிடைச்சிருக்கு. ''ஏங்கண்ணு, நீதான் அங்க இருக்கியே, ஒரு நல்ல ஏரியாவாப் பாத்துச் சொல்லு''ன்னு சித்தி போன் பண்ணினாங்க. ''போன்ல சொல்ற விஷயம் இல்லை சித்தி. கிளம்பி வாங்க''ன்னேன். சித்தப்பா, சித்தி, தங்கச்சி, அஞ்சாவது படிக்கிற வாண்டு ஒண்ணு... எல்லாரும் ஒரு சனிக்கிழமை காலையில் வந்து இறங்கிட்டாங்க. கிண்டி ஸ்டேஷனில் தாம்பரம் பக்கம் போற ரயிலில் ஏறினோம். நீங்களும் ஏறிக்குங்க.

இந்த பீச் - தாம்பரம் மின்சார ரயில் 1931-லிருந்து ஓடுது. ரொம்ப காலம் மீட்டர் கேஜ். 2004-ல்தான் அது முழுசா விடைபெற்றது. தென்சென்னைப் புறநகர் வளர்ந்ததே இந்தத் தண்டவாளத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான். அதனால வீடு தேடும்போது கிலோமீட்டரை மறந்துடுங்க. ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிஷ நடைன்னு மட்டும் பாருங்க. ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடையில் இருக்கும் தாம்பரம் வீடு, பஸ் கிடைக்காத சந்துக்குள் இருக்கும் ஆதம்பாக்கம் வீட்டைவிடக் காலேஜுக்குப் 'பக்கம்'!

பரங்கிமலை, பழவந்தாங்கல்

கிண்டிக்கு அடுத்த ஸ்டேஷன் பரங்கிமலை. இந்தப் பக்கம் ஆலந்தூர், அந்தப் பக்கம் ஆதம்பாக்கம். மெட்ரோ ரயிலும் இருக்கு. காலேஜுக்குக் கிட்டே. அதனாலேயே வாடகை எகிறும். ஒரே காசுக்கு இங்கே ஒரு பெட்ரூம், தாம்பரம் தாண்டினா ரெண்டு பெட்ரூம். நாலு பேர் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது பழவந்தாங்கல். இறங்கினா நங்கநல்லூர். பாட்டி, தாத்தா இருக்கிற வீடா? கண்ணை மூடிக்கிட்டு முதலில் இங்கே தேடுங்க. 32 அடி ஆஞ்சநேயரில் ஆரம்பிச்சு தெருவுக்குத் தெரு கோயில். காய்கறி, பால், டாக்டர் எல்லாமே நடை தூரம். சாயங்காலம் ஆறு மணிக்கு இங்கே தெருவில் நடக்கிற பெரியவங்க எண்ணிக்கையைப் பாருங்க... ஒரு ஏரியா குடும்பத்துக்கு ஏத்ததான்னு தெரிஞ்சுக்க அதைவிட நல்ல சோதனை இல்லை. வயசானவங்களும் சின்னப் பசங்களும் பயமில்லாம நடக்கிற தெருவில் உங்க தங்கச்சியும் ராத்திரி டியூஷன் முடிஞ்சு நடந்து வந்துடலாம்.

குறை? மழை வந்தா பழவந்தாங்கல் சுரங்கப்பாதையில் தண்ணி தேங்கும். ஊர் பெயரைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. 'தாங்கல்'னா சின்ன ஏரின்னு அர்த்தம்! நம்ம ஆளுங்க பெயர் வைக்கும்போதே துப்பு கொடுத்துட்டுத்தான் போயிருக்காங்க. தாங்கல், ஏரிக்கரை, மதகுன்னு தெருப் பெயரில் எது இருந்தாலும் ரெண்டு கேள்வி கூடுதலா கேளுங்க. 'லேக் வியூ'ன்னு இருந்தா மூணு கேள்வி!

பல்லாவரம், குரோம்பேட்டை

மீனம்பாக்கம், திரிசூலம் தாண்டும்போது விமானம் தலைக்கு மேலே தாழ்வாகப் பறந்தது. வாண்டுக்குக் குஷி. ''இங்கேயே வீடு பார்க்கலாம்பா!'' பரீட்சை நேரத்தில் இதே சத்தம் எப்படி இருக்கும்னு தங்கச்சிக்குக் கவலை. ஒரே வீட்டுக்குள் எத்தனை ஓட்டு பாருங்க!

பல்லாவரத்துக்குச் சரித்திரப் பெருமை உண்டு. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் பழைய கற்காலக் கருவியை முதன்முதலில் கண்டெடுத்தது இங்கேதான். கற்காலத்திலேயே ஆளுங்க குடியிருக்கத் தேர்ந்தெடுத்த ஏரியா சார் இது! வெள்ளிக்கிழமை சந்தையில் செடி, கட்டில், பழைய ஃபேன், புறான்னு எது வேணும்னாலும் கிடைக்கும். புதுசா குடித்தனம் வைக்கிற குடும்பத்துக்குப் பாதி சாமான் அங்கேயே தேறிடும்.

அடுத்து குரோம்பேட்டை. குரோம் லெதர் தொழிற்சாலை கொடுத்த பெயர். நீங்க சேர்ந்தது கிண்டி கேம்பஸ் இல்லை, எம்.ஐ.டி. கேம்பஸ்னா உங்களுக்கு இதுதான் சொர்க்கம். 1949-ல் ஆரம்பிச்ச எம்.ஐ.டி. இங்கேதான் இருக்கு. அப்துல் கலாம் படிச்ச இடம். மாணவிகளுக்கு வைஷ்ணவ கல்லூரியும் இங்கே உண்டு. அரசு மருத்துவமனை, துணிக்கடை, மார்க்கெட் எல்லாம் ஜி.எஸ்.டி. சாலையிலேயே கிடைக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் வீடு, எந்தப் பக்கம் ஸ்கூல்னு பார்த்துக்கணும். இந்த லைன் முழுக்க ஒவ்வொரு ஊரையும் ரயில் ரெண்டாக வெட்டுது. கண்ணுக்கு எதிரே தெரியற ஸ்கூலுக்கு சுரங்கப்பாதையோ மேம்பாலமோ சுத்திப் போகணும். சின்னப் பசங்க இருந்தா, வீடும் ஸ்கூலும் ஒரே பக்கமா இருக்கட்டும். தண்டவாளத்தைத் தாண்டுற வேலையைக் காலேஜ் போற நீங்க ஏத்துக்குங்க. படிக்கட்டு மேலே, ப்ளீஸ்!

தாம்பரம், அதுக்கும் அப்பால்

சானடோரியம் ஸ்டேஷன் பெயரே மருத்துவமனைதான். காசநோய்க்காரங்களுக்காக 1928-ல் ஆரம்பிச்சது. சுத்தமான காத்து வேணும்னு ஊருக்கு ரொம்பத் தள்ளி வெச்சாங்க. அந்த 'ரொம்பத் தள்ளி' இப்போ மாநகராட்சி! 2021-ல் பல்லாவரம், பம்மல், செம்பாக்கம், பெருங்களத்தூர் எல்லாத்தையும் சேர்த்து தாம்பரம் மாநகராட்சி ஆயிடுச்சு.

தாம்பரம் ஸ்டேஷனில் தென்மாவட்ட ரயில்கள் பல நிக்கும். ஊரிலிருந்து மாமா வந்தா எழும்பூர் வரைக்கும் போய்த் தவிக்க வேண்டியதில்லை. கிழக்குப் பக்கம் 1937-ல் இங்கே குடிவந்த மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி, ஒரு சின்னக் காடு மாதிரி. அதைத் தாண்டி சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம். ஷேர் ஆட்டோ ஓடிக்கிட்டே இருக்கும். வெள்ளத்துக்கப்புறம் நாங்க குடிபோனது கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடி வீட்டுக்குத்தான். அங்கேயிருந்தே படிச்சு முடிச்சேன். கிண்டிக்கு அரை மணி நேரத்துக்குள் ரயில் போயிடும்.

பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி... போகப் போக வாடகை குறையும், வீடு பெரிசாகும். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து ஊருக்குப் போறதும் இந்தப் பக்கத்துக்காரங்களுக்கு ஈஸி. ஆனா ஒண்ணு... பல ரயில்கள் தாம்பரத்தோடயே நின்னுடும். லேப் முடிஞ்சு, ரயிலைத் தவறவிட்டு, அடுத்த செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருக்கிற அந்த நேரத்தையும் வாடகையோட சேர்த்துக் கணக்குப் போடுங்க.

'எங்கப்பா ஆபீஸ் பழைய மகாபலிபுரம் சாலையில்'னா உங்களுக்கு வேற லைன். 2007-லிருந்து பறக்கும் ரயில் வேளச்சேரி வரைக்கும் ஓடுது. வேளச்சேரி, பெருங்குடி, தரமணியில் ஏறி கோட்டூர்புரத்தில் இறங்கினா காலேஜுக்கு நடந்துடலாம். ஆனா, அந்தப் பக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022-ல் சர்வதேச அளவில் 'ராம்சார்' அங்கீகாரம் கிடைச்ச இடம். சதுப்பு நிலம்னா மழைத்தண்ணிக்குச் சொந்த வீடு. அது தன் வீட்டைத் தேடி வரும்போது நாம குறுக்கே நிக்கக் கூடாது.

அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி...

வீட்டைப் பிடிச்சுப்போச்சா? கையிலிருக்கிற காசை இறுக்கிப் பிடிச்சுக்குங்க. இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு.

திங்கக்கிழமை காலை எட்டு மணிக்கு, பை மாட்டிக்கிட்டு, அந்த வீட்டு வாசலிலிருந்து காலேஜ் வாசல் வரைக்கும் ஒரு தடவை போய்ப் பாருங்க. ஞாயித்துக்கிழமை காலி ரயிலில் உட்கார்ந்துக்கிட்டு 'தாம்பரம் பக்கம்தான்'னு முடிவு பண்றவங்க, திங்கக்கிழமை ஒத்தைக் காலில் நின்னுக்கிட்டு அழுவாங்க.

செலவுக் கணக்கு போடும்போது இதை மறந்துடாதீங்க. பட்டப்படிப்பு வரை மாணவிகளுக்கு, வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போய்வர ரயிலில் இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட் இலவசம். காலேஜில் சான்றிதழ் வாங்கிக் கொடுக்கணும். பசங்களுக்குச் சலுகைக் கட்டணம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட்டே கிடையாது. 2025 ஏப்ரலில் இந்த லைனில் ஏ.சி. மின்சார ரயிலும் வந்துடுச்சு. ஆனா, அது அப்பா பர்ஸ் நல்லா இருக்கிற மாசத்துக்கு மட்டும்!

வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை ஆணையத்தில் பதிவு செய்யச் சொல்லுங்க. 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டப்படி அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல் போகக் கூடாது. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு வேற மாதிரி எழுதிக்கிட்டா தப்பில்லைங்கிற ஓட்டையும் அதிலேயே இருக்கு. அதனால, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி பேசுங்க. 'வெள்ளத்தால் கெட்டுப்போனதுக்கு அட்வான்ஸில் பிடிக்கக் கூடாது'ன்னு ஒரு வரி எழுதி வாங்கிடுங்க. எங்ககிட்டே அந்த ஒரு வரி இல்லை.

அப்புறம் தண்ணி. ரெண்டு கேள்வி. ஒண்ணு, மே மாசத்துக்கானது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகளே காய்ஞ்சு கிடந்தப்போ இந்த வீட்டு போர் ஓடுச்சா, இல்லை லாரிக்குக் காத்திருந்தாங்களா? ரெண்டாவது, நவம்பர் மாசத்துக்கானது. 2015-ல் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?

இதைப் புரோக்கர்கிட்டே கேட்காதீங்க. வீட்டுக்காரர்கிட்டேயும் வேணாம். தெருமுனையில் இஸ்திரி வண்டி நிக்குமே, அவர்கிட்டே கேளுங்க. அவருக்கு அந்தத் தெருவில் மறைக்க ஒண்ணுமே கிடையாது. அப்படியே சுவர்களையும் பாருங்க. காம்பவுண்டில் ஒரே மட்டத்தில் கறை ஓடுதா? பக்கத்து வீடெல்லாம் புதுசா வாசப்படியை ஏத்திக் கட்டியிருக்காங்களா? ரோடு வீட்டைவிட உயரமா இருக்கா? வீடு சொல்லாததைப் பக்கத்து வீட்டு வாசப்படி சொல்லிடும்.

சித்தியின் தீர்ப்பு

அன்னிக்கு மூணு வீடு பார்த்தோம். முதல் வீடு தங்கச்சிக்கு ரொம்பப் பிடிச்சது. தரைத்தளம், புது டைல்ஸ், வாசலில் செம்பருத்தி. தெருமுனையில் இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தவரிடம் சித்தி நேரா போனாங்க. ''ஏனுங்கண்ணா, 2015-ல இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுங்க?'' அவர் பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை. இடது கையை மட்டும் தன் நெஞ்சு வரைக்கும் தூக்கிக் காட்டினார். சித்தி திரும்பிப் பார்க்காம நடந்துட்டாங்க.

ரெண்டாவது வீட்டில் தண்டவாளம் குறுக்கே வந்துடுச்சு. மூணாவது, கிழக்குத் தாம்பரத்தில் முதல் மாடி. கொஞ்சம் பழைய வீடு. சமையல் மேடை சின்னது. ஸ்டேஷனுக்குப் பன்னிரண்டு நிமிஷ நடை. தங்கச்சியே நடந்து, வாட்ச் பார்த்துச் சொன்னா. வாண்டுக்கு ஸ்கூல் அதே பக்கம். அந்தத் தெரு இஸ்திரிக்காரர் குனிஞ்சு தன் கணுக்காலைத் தொட்டுக் காட்டினார். ''ரோட்டுல இவ்ளோ வந்துச்சும்மா. மறுநாள் வடிஞ்சிடுச்சு.''

அட்வான்ஸ் கொடுத்தது அந்த வீட்டுக்குத்தான். ராத்திரி கரூர் பஸ் ஏத்திவிடப் போனப்போ, சித்தி ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துச் சொன்னாங்க... ''அம்மாயி இருந்திருந்தா இந்த வீட்டுக்கு வந்திருக்கும் கண்ணு. மாடி வீடுதானே.''

எங்க பாட்டியைச் சொல்றாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. பஸ் கிளம்பிடுச்சு.

நீங்களும் கிளம்புங்க. ஸீட் உங்களுக்குத்தான் கிடைச்சிருக்கு. ஆனா, ஊரை விட்டு வர்றது வீட்டில் இருக்கிற எல்லாரும். அதனால காலேஜுக்கு எவ்ளோ தூரம்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, உங்க வீட்டிலேயே மெதுவா நடக்கிறவங்க யாரோ, அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அந்தத் தெருவில் ஒரு சுத்து நடந்துட்டு வாங்க. முனையில் இஸ்திரி வண்டி நிக்கும்.